டவர் ஃபுல்லா இருக்கு, ஆனா ஓடமாட்டேங்குது

கடலூர்–புதுச்சேரி சாலையோரக் கல்லூரி விடுதியில் இரவு பத்து மணிக்கும், மஞ்சக்குப்பத்துக் கல்யாண மண்டபத்தில் முகூர்த்த நேரத்திலும், புதுச்சேரி துய்மா வீதி விருந்தினர் விடுதியில் சனிக்கிழமை மாலையிலும் எழும் புகார் ஒன்றேதான். கைபேசியில் வைஃபை கோடுகள் நிறைந்திருக்கின்றன. வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. உடனே வரும் யோசனையும் ஒன்றேதான்: "பெரிய ஆன்டெனா வச்ச ரவுட்டரா மாத்துங்க, இல்லன்னா நடுவுல ஒரு ரிப்பீட்டர் போடுங்க." இரண்டுமே அலை எட்டாத இடத்துக்கு எட்ட வைக்கும் வைத்தியம். இந்த மூன்று இடங்களிலும் அலை நன்றாகவே எட்டுகிறது. பேசுவதற்கு முறைதான் வரவில்லை.

ஒரு சேனலில் (வைஃபை அலைவரிசையின் ஒரு துண்டில்) ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம் என்பது வைஃபையின் அடிப்படை விதி. நாற்பது பேர் ஏறிய மேடையில் ஒரே மைக் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கருவியும் முதலில் காது கொடுத்துக் கேட்கும். யாரும் பேசவில்லை என்றால் குத்துமதிப்பாகச் சிறிது நேரம் பொறுத்துப் பிறகு பேசும். இருவர் ஒரே கணத்தில் வாய் திறந்தால் இரண்டும் வீண், மறுபடி முதலிலிருந்து. வைஃபை அலையைப் பரப்பும் பெட்டியான ஆக்சஸ் பாயிண்டும் இந்த வரிசையில் ஒரு ஆள்தான். அதற்கெனத் தனி மைக் கிடையாது. பதிவிறக்கமும் பதிவேற்றமும் அதே மைக்கில்தான். ஆகவே இங்கே பங்குபோடும் சரக்கு நேரம். துறையில் ஏர்டைம் என்பார்கள்.

1500 பைட் கொண்ட ஒரு பாக்கெட்டை, அதாவது ஒரு தரவுத் துண்டை, எடுத்துக்கொள்வோம். ஆக்சஸ் பாயிண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வைஃபை 6 கைபேசி, 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் ஒரே ஸ்ட்ரீமில் (ஒற்றைத் தரவு ஓடையில்) 143 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்) வரை இணையும். அந்தப் பாக்கெட்டை அனுப்ப ஏறத்தாழ 84 மைக்ரோ விநாடி போதும். இரண்டு சுவர் தாண்டி மூலை அறையில் 6 எம்பிபிஎஸ் வேகத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் கைபேசிக்கு அதே பாக்கெட்டை அனுப்ப 2000 மைக்ரோ விநாடி ஆகும். மூலை அறைக்காரர் ஒரு பாக்கெட் வாங்கும் நேரத்தில் பக்கத்து அறைக்காரர் இருபதுக்கு மேல் வாங்கியிருக்கலாம். தூரத்து ஆள் ஒருவர் மெதுவாக இருந்தால் பாதிப்பு அவரோடு நிற்பதில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் நிறுத்திவைக்கிறார். ரிப்பீட்டர் இன்னும் மோசம். அதே சேனலில் ஒரே பாக்கெட்டை வாங்கி மறுபடி ஒருமுறை சொல்வதுதான் அதன் வேலை என்பதால், ஒவ்வொரு தாவலுக்கும் அதே நேரம் இன்னொரு முறை செலவாகும்.

கடையில் அட்டைப்பெட்டி மேல் போட்டிருக்கும் எண்ணையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 'ஏஎக்ஸ் 3000' என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 2402, இரண்டையும் கூட்டி மேல்நோக்கி முழுமைப்படுத்திய எண். அந்த 2402 வருவதற்கு 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் வேண்டும். நெரிசலான கட்டடத்தில் அப்படி ஒரு சேனலை ஒரே ஆக்சஸ் பாயிண்டுக்குக் கொடுப்பது, தெருக்குழாய் ஒன்றை ஒரே வீட்டுக்குத் திருப்பிவிடுவது மாதிரி.

பீக்கன் தின்னும் நேரம்

யாரும் எதையும் பதிவிறக்காத போதும் ஆக்சஸ் பாயிண்ட் சும்மா இருப்பதில்லை. 'நான் இருக்கிறேன், என் பெயர் இது' என்று ஒவ்வொரு எஸ்எஸ்ஐடிக்கும் (வைஃபை பெயருக்கும்) 102.4 மில்லி விநாடிக்கு ஒருமுறை பீக்கன் அனுப்பிக்கொண்டே இருக்கும். கடைசிக் கருவிக்கும் கேட்க வேண்டும் என்பதால், அமைப்பில் அனுமதித்த மிகக் குறைந்த வேகத்தில் அனுப்பும். 2.4 கிகாஹெர்ட்ஸில் பல கருவிகளில் பெட்டியிலிருந்து எடுத்தபடியே அது 1 எம்பிபிஎஸ்.

300 பைட் பீக்கன் ஒன்று 1 எம்பிபிஎஸ் வேகத்தில் போக, முன்னொட்டையும் (ஒவ்வொரு அனுப்பலின் தொடக்கக் குறியையும்) சேர்த்து 2.6 மில்லி விநாடி பிடிக்கும். அதாவது மொத்த ஏர்டைமில் இரண்டரை விழுக்காடு. ஒரே சேனலில் ஒன்றையொன்று கேட்கும் நான்கு ஆக்சஸ் பாயிண்டுகள், ஒவ்வொன்றிலும் மாணவர், ஊழியர், விருந்தினர், கேமரா, தேர்வு என ஐந்து பெயர்கள் என்று வைத்தால் இருபது பீக்கன். ஐம்பது விழுக்காடு நேரம் பெயர் சொல்வதிலேயே போய்விட்டது. குறைந்தபட்ச வேகத்தை 6 எம்பிபிஎஸ் ஆக்கினால் அதே இருபது பீக்கனுக்கு எட்டு விழுக்காடுதான். 12 ஆக்கினால் நாலரைக்கும் கீழே. கூடவே பெயர்களை ஐந்திலிருந்து இரண்டாகக் குறைத்தால் இரண்டு விழுக்காட்டுக்குள் அடங்கும். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் பாதி சேனல் திரும்பக் கிடைக்கிறது. ஊழியரையும் மாணவரையும் பிரிக்கத் தனித்தனிப் பெயர் தேவையில்லை. உள்நுழையும் கணக்கை வைத்து விலான் (ஒரே வலைக்குள் பிரித்த தனி உள்வலை) மாற்றிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. 12 எம்பிபிஎஸ் வைத்ததும் பழைய பிரிண்டர், மலிவான கண்காணிப்பு கேமரா, சில வருகைப்பதிவுக் கருவிகள் கழன்றுபோகலாம். முதலில் 6 வைத்து ஒரு வாரம் பாருங்கள். கழன்ற கருவிகளை முடிந்தவரை கேபிளில் மாட்டிவிட்டு மேலே போங்கள்.

ஒரு விடுதியின் கணக்கு

தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று தளம், தளத்துக்கு இருபது அறை, அறைக்கு மூன்று பேர். 180 மாணவர்கள். ஆளுக்கு ஒரு கைபேசி, ஒரு மடிக்கணினி என 360 கருவிகள். நடுவே 35 மீட்டர் நீள வராந்தா, இருபுறமும் பத்துப் பத்து அறைகள். தளத்துக்கு மூன்று ஆக்சஸ் பாயிண்ட் வீதம் ஒன்பது, எல்லாமே வராந்தா கூரையில், முழுத் திறனில் (அலையை அனுப்பும் வலுவில்), 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில். நம் பக்கத்து விடுதிகளில் அடிக்கடி காணும் அமைப்பு இதுதான்.

ஒன்பது போட்டும் ஏன் போதவில்லை? வராந்தா ஒரு நீண்ட குழல். அதில் தொங்கும் மூன்றும் தடையே இல்லாமல் ஒன்றையொன்று கேட்கும். அறைக்குள் இருக்கும் கைபேசிக்கோ இடையில் சுவர். ஆக்சஸ் பாயிண்டுக்குச் சக ஆக்சஸ் பாயிண்டின் குரல் தெளிவாகவும், தன் வாடிக்கையாளரின் குரல் மங்கலாகவும் கேட்கும்படி நாமே அமைத்துக் கொடுத்திருக்கிறோம். அடுத்தது சேனல். 5 கிகாஹெர்ட்ஸில் ரேடார் சோதனை (கீழே வருகிறது) தேவைப்படாத 20 மெகாஹெர்ட்ஸ் சேனல்கள் 36 முதல் 48 வரை நான்கு, 149 முதல் 165 வரை ஐந்து. 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்றால் இவற்றில் இரண்டே சேனல்தான் தேறும். ஒன்பது ஆக்சஸ் பாயிண்ட், இரண்டு மைக்.

அதே ஒன்பதை 20 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் ஒன்பது சேனல், ஆளுக்கு ஒன்று. 'மொத்த அகலம் 160 இருந்தது 180 ஆகிறது, இதில் என்ன பெரிய லாபம்?' என்று கேட்கலாம். லாபம் அகலத்தில் இல்லை. 80 மெகாஹெர்ட்ஸ் சேனலில் ஒரு சின்ன வாட்ஸ்அப் செய்தி போனாலும், அதற்கான ஒப்புகை போனாலும், அந்த நேரம் முழு அகலமும் மற்றவர்களுக்கு அடைபட்டுவிடும். வரிசையில் நிற்போர் கூடக்கூட மோதலும் மறு அனுப்பலும் கூடும். 180 கருவிகள் ஒரே வரிசையில் நிற்பதும், நாற்பது நாற்பதாகத் தனி வரிசைகளில் நிற்பதும் ஒன்றாகாது. இன்னொன்று, அகலம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் 3 டெசிபெல், அதாவது இருமடங்கு, கூடும். 80லிருந்து 20க்கு இறங்கினால் 6 டெசிபெல் கைக்கு வரும். மூலை அறைக் கைபேசி ஒன்றிரண்டு படி மேல் வேகத்தில் இணையும்.

தேவை எவ்வளவு என்றும் பார்த்துவிடலாம். இரவு உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு கருவிகள் உண்மையில் இயங்குகின்றன என்றால் 120. கைபேசித் திரையில் ஓரளவு தெளிவான வீடியோவுக்கு 3 எம்பிபிஎஸ் வைத்தால் 360 எம்பிபிஎஸ். பலவகைக் கருவிகள் கலந்த கூட்டத்தில் 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் ஒன்றிலிருந்து 60 முதல் 80 எம்பிபிஎஸ் வரை எதிர்பார்ப்பதே யதார்த்தம். ஒன்பதுக்கும் சேர்த்து 540க்குக் குறையாது. போதும். ஆனால் வாசலில் வரும் இணைய இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்றால் உள்ளே என்ன செய்தும் பயனில்லை. இரவு பத்து மணிக்கு ரவுட்டரில் கேபிள் செருகி ஒரு மடிக்கணினியில் வேகம் பார்ப்பதுதான் முதல் சோதனை. அங்கேயே 8 எம்பிபிஎஸ் காட்டினால் ஆக்சஸ் பாயிண்டுகளைக் கழற்ற வேண்டாம்.

அடுத்த கட்டம், ஆக்சஸ் பாயிண்டுகளை வராந்தாவிலிருந்து அறைக்குள் கொண்டுபோவது. தளத்துக்கு மூன்று என்றால் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. மேல்தளத்தில் இதை மாற்றிப் போடுங்கள், ஒன்றின் தலைக்கு நேர் மேலே இன்னொன்று வரக்கூடாது. 9 அங்குலச் செங்கல் சுவர் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்தில் ஒன்றாக, குறைக்கும். ஆக்சஸ் பாயிண்டுகளுக்கு இடையே இரண்டு மூன்று சுவர் வந்துவிட்டால் ஒரே சேனலை வேறு தளத்தில் மறுபடி பயன்படுத்தவும் வாய்ப்புக் கிடைக்கும்.

பிறகு திறன். கைபேசி பொதுவாக 12 முதல் 15 டிபிஎம் (அலையின் வலுவைக் குறிக்கும் அளவு) அளவில்தான் பேசும். ஆக்சஸ் பாயிண்ட் 23 டிபிஎம்மில் கத்தினால் அது சொல்வது கைபேசிக்குக் கேட்கும், கைபேசி சொல்வது அதற்குக் கேட்காது. 'டவர் ஃபுல்லா இருக்கு' புகாரின் ஒரு வேர் இதுதான். 5 கிகாஹெர்ட்ஸை 14 டிபிஎம் பக்கமாக வைத்து, ஒவ்வொரு அறையின் கட்டில்மேடையிலும் மைனஸ் 67 டிபிஎம்மாவது கிடைக்கிறதா என்று கைபேசியில் அளந்து பாருங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று விழாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். ஒன்பதிலும் அதை ஓடவிடுவது வீண் சத்தம். தளத்துக்கு ஒன்றில் மட்டும் வைத்து, முறையே 1, 6, 11 கொடுத்து, மற்ற ஆறிலும் அணைத்துவிடலாம். மீதமிருப்பதன் திறனை 5 கிகாஹெர்ட்ஸைவிட 6 டெசிபெல்லாவது குறைவாக வையுங்கள். இல்லாவிட்டால் கைபேசிகள் வலுவான சிக்னலைத் தேடி 2.4க்கே ஓடும்.

ரேடார் பயம்

52 முதல் 64 வரையும் 100 முதல் 140 வரையும் உள்ள சேனல்களைத் தொடவே பலர் தயங்குகிறார்கள். அங்கே ஆக்சஸ் பாயிண்ட் முதலில் ஒரு நிமிடம் ரேடார் இருக்கிறதா என்று கேட்கும். பிறகு எப்போது ரேடார் கேட்டாலும் சேனலைக் காலி செய்துவிட்டு அரை மணி நேரம் அந்தப் பக்கம் வராது. கடலோர ஊர், துறைமுகம், கப்பல்கள் என்பதால் இந்தப் பயம் நம் பக்கம் கொஞ்சம் அதிகம். ஆனால் கப்பல் ரேடார்கள் இயங்குவது 3 கிகாஹெர்ட்ஸ், 9 கிகாஹெர்ட்ஸ் பகுதிகளில். காரைக்காலில் உள்ள வானிலை ரேடாரும் எஸ்-பேண்ட் வகை, 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. பயந்து ஒதுக்குவதற்குப் பதில் இரண்டு வாரம் ஓடவிட்டு, ஆக்சஸ் பாயிண்டின் பதிவேட்டில் ரேடார் நிகழ்வு எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றுமில்லை என்றால் 5 கிகாஹெர்ட்ஸில் மொத்தம் 24 சேனல் கையில் இருக்கிறது. 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பதினொன்று. நம் விடுதியின் ஒன்பதுக்கும் தனித்தனி 40 கொடுத்தும் இரண்டு மிச்சம்.

இவற்றில் 100 முதல் 140 வரையுள்ள நடு சேனல்கள் இந்தியாவில் உரிமமின்றித் திறந்தது 2018 அக்டோபரில்தான். அதற்கு முன் வாங்கிய கருவிகளில் ஃபர்ம்வேர் (கருவியின் உள்மென்பொருள்) பழையதாக இருந்தால் இந்த நடு சேனல்கள் பட்டியலிலேயே வராது, புதுப்பித்துப் பாருங்கள். 6 கிகாஹெர்ட்ஸைப் பொறுத்தவரை 5925 முதல் 6425 வரை திறப்பதற்கான வரைவு விதிகள் 2025 மே மாதம் வெளிவந்தன. அந்த 500 மெகாஹெர்ட்ஸில் 80 அகலச் சேனல் ஆறு கிடைக்கும். ஆனால் அதைப் பேசத் தெரிந்த கைபேசிகள் மாணவர் கையில் எத்தனை என்று எண்ணிவிட்டு வைஃபை 7 கருவிக்குப் பணம் போடுங்கள்.

கெட்டிச் சுவர் வீடுகள்

புதுச்சேரி பிரெஞ்சுப் பகுதியிலும், திண்ணையும் தாழ்வாரமும் உள்ள தமிழர் பகுதியிலும், செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய பழைய வீடுகள் விருந்தினர் விடுதிகளாகியிருக்கின்றன. ஒன்றரை அடிச் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் தாண்டுவது சிரமம் என்று எல்லோரும் நொந்துகொள்வார்கள். எத்தனை பேரைத் தாங்கும் என்று கொள்ளளவு பார்ப்பவருக்கு அந்தச் சுவர் கூட்டாளி. ஒவ்வொரு அறையும் தன்னளவில் மூடிய பெட்டி. இரண்டு அறைக்கு ஒரு சின்ன ஆக்சஸ் பாயிண்ட், 8 முதல் 10 டிபிஎம் போதும். முற்றத்துக்கு அந்தப் பக்கம் அதே சேனலைத் தயங்காமல் மறுபடி கொடுக்கலாம். வரவேற்பறையில் ஒரே ஒரு பெரிய ரவுட்டரை முழுத் திறனில் வைத்து, அது போகாத இடத்துக்கெல்லாம் ரிப்பீட்டர் சங்கிலி போடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. மூன்றாவது ரிப்பீட்டரில் இருப்பவர் மின்னஞ்சல் திறந்தாலும் வரவேற்பறையில் உள்ளவருக்கு வீடியோ நிற்கும்.

கேபிள் இழுப்பதுதான் தலைவலி. பழைய சுவரில் பள்ளம் வெட்டினால் சுண்ணாம்புப் பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து வரும். தூலத்தின் மேல்விளிம்பு ஓரமாகவோ, கதவு நிலைக்கு மேலாகவோ ஓட்டுவது பாதுகாப்பு. மின்கம்பி ஓடும் அதே குழாயில் நெட்வொர்க் கேபிளைச் செருகாதீர்கள்.

உப்புக்காற்றும் நீல ஜோடியும்

கடற்கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் கட்டடங்களில் அடிக்கடி வரும், ஆனால் யாரும் தேடாத பழுது ஒன்று உண்டு. 1 கிகாபிட் ஈத்தர்நெட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு, பச்சை என இரண்டு ஜோடி போதும். மொட்டைமாடியிலோ வராந்தாவிலோ உள்ள ஆர்ஜே-45 முனையில் உப்பு ஈரம் படிந்து, தொடுமுனை பச்சை பூத்து, நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ விட்டுப்போனால் இணைப்பு அறுந்துவிடாது. சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், கேபிள் வழியே மின்சாரமும் வரும், வைஃபை பெயரும் தெரியும். அந்த ஆக்சஸ் பாயிண்டில் இருப்பவர்கள் எல்லோரும் 100க்குள் அடித்துக்கொள்வார்கள்.

கண்டுபிடிப்பது எளிது. கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு போர்ட்டும் என்ன வேகத்தில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 இருந்தால் முனையை வெட்டி எறிந்து புது முனை அடியுங்கள். துடைத்துச் செருகினால் மறு மழைக்குத் தாங்காது. தொடுமுனையில் 50 மைக்ரோ அங்குலத் தங்கப்பூச்சுள்ள கனெக்டர் வாங்குங்கள். வெளிப்புறம் என்றால் டைஎலக்ட்ரிக் கிரீஸும் வைக்கலாம். கேபிள் கருவிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும்; மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும், முனைக்கு ஏறாது. அலுமினியத்தில் செம்பு முலாம் பூசிய கேபிளை விலை பார்த்து வாங்காதீர்கள்: மின்தடை கூடுதல் என்பதால் 60, 70 மீட்டர் ஓட்டத்தில் பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியே தரும் மின்சாரம்) மின்னழுத்தம் விழும், ஆக்சஸ் பாயிண்ட் கூட்ட நேரத்தில் மட்டும் தானே மறுதொடக்கமாகும். சுத்தச் செம்பு கேட்-6, வெயில்படும் இடத்தில் கறுப்பு பாலிஎத்திலீன் உறை.

மின்சாரக் கணக்கும் இதோடு சேர்ந்தது. பழைய 802.3ஏஎஃப் தர பிஓஇ ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும். வைஃபை 6 கருவிகள் பலவற்றுக்கு 802.3ஏடி, 30 வாட் வேண்டும். குறைவாகக் கொடுத்தால் சில கருவிகள் இயங்கும், ஆனால் ஆன்டெனா வரிசையில் பாதியை அணைத்துக்கொள்ளும். 370 வாட் பட்ஜெட் உள்ள 24 போர்ட் ஸ்விட்சில் 30 வாட் வீதம் ஒதுக்கினால் பன்னிரண்டு கருவிதான்.

இரண்டு கட்டடங்களுக்கு இடையே செம்புக் கேபிள் வேண்டாம், ஃபைபர் போடுங்கள். உப்பும் ஒன்றும் செய்யாது, இடியும் ஏறாது. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று புயல் கரை கடந்த கடற்கரை இது.

கல்யாண மண்டபத்தின் தனி நோய்

அறுநூறு பேர் வரும் மண்டபத்தில் ஏர்டைமுக்கு முன்பே தீர்ந்துபோவது ஐபி முகவரி, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒதுக்கும் எண். ரவுட்டரில் வழக்கமாக இருப்பது 254 முகவரி, ஒருவருக்கு ஒதுக்கிவைக்கும் குத்தகைக் காலம் 24 மணி நேரம். முந்தைய நாள் மாலை நிச்சயதார்த்தத்துக்கு வந்துபோனவரின் முகவரி முகூர்த்தத்தின்போதும் பூட்டிக் கிடக்கும். இப்போதைய கைபேசிகள் தங்கள் மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்ணை) மாற்றிக் காட்டுவதால் ஒரே ஆள் இரண்டு இடம் பிடிப்பதும் உண்டு. அறிகுறி: 'ஐபி முகவரி பெறுகிறது' என்று சுற்றும், அல்லது மடிக்கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி வரும். விருந்தினர் வலையை 1022 முகவரி தரும் /22 ஆக்கி, குத்தகையை ஒரு மணி நேரமாகக் குறையுங்கள். அத்தனை பேரை ஒரே வலையில் விட்டால் எல்லாக் கருவிகளுக்கும் போகும் ஒளிபரப்புப் பாக்கெட்டுகள் பெருகும். அவையும் பீக்கனைப் போலக் குறைந்த வேகத்தில்தான் போகும். எனவே கருவிகள் ஒன்றோடொன்று பேசாமல் தடுக்கும் கிளையன்ட் ஐசொலேஷனைக் கட்டாயம் போடுங்கள்.

ஆளில்லாத மண்டபத்தில் வைத்த கணக்கு கூட்டத்தில் நிற்காது. மனித உடம்பில் பாதிக்கு மேல் நீர், அலையைக் குடிக்கும். கூரையிலிருந்து கீழ்நோக்கி வைத்த ஆக்சஸ் பாயிண்ட் தலைக்கு மேலாகப் பார்த்துக்கொள்ளும். மேடைக்குப் பக்கச் சுவரில் வைத்தது முதல் நாலு வரிசையோடு மங்கிவிடும்.

அளந்து பார்க்க

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். விடுதி என்றால் இரவு ஒன்பதரை. காலை பதினொரு மணிக்கு எடுத்த அளவு எதற்கும் உதவாது. வேகச் சோதனைச் செயலியின் எண்ணைவிட இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று, சேனல் எவ்வளவு நேரம் நிரம்பியிருக்கிறது என்பது. பெரும்பாலான ஆக்சஸ் பாயிண்டுகள் இதைக் காட்டும், சில பீக்கனிலேயே 0 முதல் 255 வரையான எண்ணாக அனுப்பும். 128ஐத் தாண்டினால் பாதி நேரம் போய்விட்டது என்று பொருள், குரல் அழைப்புகள் அப்போதே தடுமாறும். மற்றது மறு அனுப்பல் விகிதம். பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் நிம்மதி. இருபதைத் தாண்டினால் எங்கோ ஒன்றின் மேல் ஒன்று பேசிக்கொண்டிருக்கின்றன.

சேனல் நிரம்பி மறு அனுப்பலும் கூடுதலாக இருந்தால், இன்னொரு ஆக்சஸ் பாயிண்ட் வாங்குவதற்கு முன், ஒரே சேனலில் இருக்கும் இரண்டில் ஒன்றின் திறனை 3 டெசிபெல் இறக்கிப் பாருங்கள். மறுநாள் ஒன்பதரைக்கு அதே இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்; ஒருநாளில் ஒரு மாற்றத்துக்கு மேல் செய்யாதீர்கள்.